பக்கத்துத் தெருப் புத்தகக் கடை: நிகழ்ச்சிகள், தள்ளுபடிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல கிளைகள் உள்ள பெரிய நிறுவனங்களைச் சேராமல், ஒருவரோ ஒரு குடும்பமோ சில நண்பர்களோ நடத்தும் சின்னப் புத்தகக் கடைகளின் கதவில் எப்போதும் ஏதாவது ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கும். ‘அடுத்த வாரம் ஆசிரியர் வருகிறார்’ என்றோ, ‘மாதக் கடைசி வரை தள்ளுபடி’ என்றோ இருக்கும். அதைப் படித்ததும் வாசகர்களுக்கு எழும் கேள்விகள் எந்த ஊரிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கீழே உள்ள பதில்கள் கொஞ்சம் கடைக்காரர் பக்கம் சாய்ந்திருக்கும். ஆனாலும் வாசகருக்குப் பணத்தை மிச்சப்படுத்தும் விஷயம் எதையும் மறைக்கவில்லை.

நிகழ்ச்சி என்றால் என்னென்ன நடக்கும்?

புத்தக வெளியீடு, ஆசிரியருடன் உரையாடல், கையெழுத்து வாங்கும் நேரம், மாதாந்திர வாசிப்புக் குழு, குழந்தைகளுக்குக் கதை சொல்லல், கவிதை வாசிப்பு, எழுத்துப் பயிற்சி ஆகியவை வழக்கமானவை. சமீப வருடங்களில் மௌன வாசிப்பும் சேர்ந்திருக்கிறது. எல்லோரும் ஓரிடத்தில் கூடி, அவரவர் புத்தகத்தை அவரவர் படிப்பார்கள். விரும்பினால் கடைசியில் பேசலாம், இல்லையென்றால் எழுந்து போய்விடலாம். சான்ஃபிரான்சிஸ்கோவில் 2012-ல் நண்பர்கள் சிலர் தொடங்கிய இந்த வழக்கம் இப்போது பல நாடுகளில் இருக்கிறது. புதிய மனிதர்களோடு பேசக் கூச்சப்படுபவர்கள் முதலில் இதற்குப் போய்ப் பார்க்கலாம். கடைக்கும் இதில் செலவு குறைவு. பேச்சாளர் வேண்டாம், மைக் வேண்டாம், நாற்காலி இருந்தால் போதும்.

தேதிகளை எங்கே பார்ப்பது?

வாசல் பலகை, பில் போடும் மேசையில் இருக்கும் துண்டுத்தாள், வாட்ஸ்அப் குழு, மின்னஞ்சல் மடல். என் ஓட்டு மின்னஞ்சலுக்குத்தான். சமூக ஊடகத்தில் கடை போடும் பதிவு அதைப் பின்தொடரும் எல்லோருடைய கண்ணிலும் படுவதில்லை; பல சமயம் நிகழ்ச்சி முடிந்த மறுநாள்தான் வந்து நிற்கும்.

இலவச நிகழ்ச்சிக்கு வந்தால் புத்தகம் வாங்கியே ஆக வேண்டுமா?

வேண்டாம். வாசலில் நின்று யாரும் உங்கள் பையைப் பார்க்கப் போவதில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்குப் பின்னால் என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால் நல்லது.

சின்னக் கடையில் கூட்டத்துக்கென்று தனி அரங்கம் கிடையாது. நடுவில் இருக்கும் மேசைகளையும் சக்கரம் வைத்த அலமாரிகளையும் ஓரமாகத் தள்ளி நாற்காலி போட வேண்டும். அந்த நேரத்தில் வழக்கமான வாடிக்கையாளர் உள்ளே வர முடியாது, வந்தாலும் அலமாரியை அணுக முடியாது. ஊழியர்கள் கூடுதலாக இரண்டு மூன்று மணி நேரம் இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி, எத்தனை பிரதி வரவழைப்பது என்பதுதான். குறைவாக வரவழைத்தால் ஆசிரியர் முன்னாலேயே ‘தீர்ந்துவிட்டது’ என்று சொல்லும் சங்கடம். அதிகமாக வரவழைத்தால் அடுத்த நாள் காலையில் பெட்டி பெட்டியாக மிச்சம். அதைப் பதிப்பகத்துக்குத் திருப்பி அனுப்பும் கூலியும் பல நேரம் கடையின் தலையிலேயே விழும்.

எனவே அன்றைய புத்தகம் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் அதை வாங்க வேண்டியதில்லை. வேறு ஏதாவது வாங்கலாம், ஒரு குறிப்பேடு வாங்கினாலும் சரி. இல்லையென்றால் அடுத்த மாதம் நண்பர் ஒருவரை அழைத்து வாருங்கள், கடைக்காரர் அதையும் கணக்கில் வைத்துக்கொள்வார்.

இலவசம்தானே, பிறகு எதற்கு முன்பதிவு?

எத்தனை நாற்காலி போடுவது, எத்தனை பிரதி வரவழைப்பது என்ற இரண்டையும் முடிவு செய்ய அந்தப் பட்டியல்தான் ஒரே ஆதாரம். வர முடியாமல் போனால் ஒரு வரி எழுதிச் சொல்லிவிடுங்கள். இலவச நிகழ்ச்சிகளுக்குப் பெயர் கொடுப்பவர்களில் கணிசமானவர்கள் வருவதில்லை என்பது கடைக்காரர்களுக்குத் தெரியும், அதைக் கழித்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். அதனால் சில நாள் எல்லோரும் வந்துவிட, கடைசியில் வந்தவர்கள் நிற்க வேண்டியதாகிறது.

டிக்கெட் விலையில் புத்தகமும் சேர்ந்திருக்கிறதே, ஏன்?

பெயர் பெற்ற ஆசிரியர் வரும்போது இதுதான் கடைக்குப் பாதுகாப்பு. இடம் குறைவு. வந்து உட்காருபவர்களில் பாதிப் பேர் புத்தகத்தை வேறெங்கோ வாங்கிவிட்டிருந்தால், நிகழ்ச்சியின் செலவு கடைக்கும் விற்பனை வேறொருவருக்கும் என்றாகிவிடும். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் வருகிறீர்கள், ஒரு பிரதி போதும் என்றால் முன்கூட்டியே கேளுங்கள். ஒரு புத்தகத்துக்கு இருவர் என்று டிக்கெட் வைத்திருக்கும் கடைகளும் உண்டு.

நிகழ்ச்சிக்குப் பணம் வாங்கிக் கடையைக் காப்பாற்றும் ஏற்பாடு ஒன்றும் புதிதல்ல. சில்வியா பீச் 1919-ல் பாரிஸில் தொடங்கிய ‘ஷேக்ஸ்பியர் அண்ட் கம்பெனி’ என்ற புத்தகக் கடை 1930களின் நடுவில் பணமில்லாமல் மூடும் நிலைக்கு வந்தது. அப்போது எழுத்தாளர் ஆந்த்ரே ழீத் முன்னின்று, கடையின் நண்பர்கள் என்ற பெயரில் ஒரு குழுவை உருவாக்கினார். ஆண்டுக்கு 200 ஃபிராங்க் கட்டியவர்கள், எழுத்தாளர்கள் கடைக்கே வந்து தம் படைப்புகளை வாசிக்கும் கூட்டங்களில் உட்காரலாம். உறுப்பினர் எண்ணிக்கையும் 200 தான், அதற்கு மேல் கடையில் இடமில்லை. கவிஞர் டி. எஸ். எலியட் அங்கே வந்து வாசித்திருக்கிறார். கடை அதன் பிறகும் சில வருடம் தாக்குப்பிடித்து, ஜெர்மனி பாரிஸைப் பிடித்திருந்த 1941-ல்தான் மூடப்பட்டது. சந்தா கட்டியவர்கள் யாரும் அதைத் தள்ளுபடிக்காகக் கட்டவில்லை என்பதைக் கவனியுங்கள்.

வேறு இடத்தில் வாங்கிய பிரதியில் கையெழுத்து கேட்கலாமா?

ஆசிரியரின் பழைய புத்தகங்கள் என்றால் பெரும்பாலும் யாரும் தடுப்பதில்லை. வீட்டில் பத்து வருடமாக இருக்கும், பக்கமெல்லாம் மடிந்த பிரதியைப் பார்த்தால் ஆசிரியருக்கும் சந்தோஷம்தான். அன்று வெளியாகும் புதிய புத்தகத்தை மட்டும் இணையத்தில் வாங்கிக்கொண்டு வருவது அவ்வளவு நன்றாக இருக்காது. சில கடைகள் ‘இங்கே வாங்கிய பில் இருந்தால்தான் வரிசை’ என்று எழுதியே வைத்திருக்கும். அறிவிப்பை ஒரு முறை முழுக்கப் படித்துவிட்டுப் போங்கள்.

கையெழுத்து வரிசையில் என்ன கவனிக்க வேண்டும்?

உங்கள் பெயரை ஒரு துண்டுத்தாளில் தெளிவாக எழுதி, கையெழுத்து வேண்டிய பக்கத்தில் செருகி வையுங்கள். இரைச்சலில் வாயால் சொல்லும் பெயர் தப்பாகக் கேட்கும், மையால் எழுதியதைத் திருத்த முடியாது. வழக்கமாகக் கையெழுத்து இடுவது தலைப்புப் பக்கத்தில், அதாவது புத்தகத்தின் பெயரும் ஆசிரியர் பெயரும் பதிப்பகத்தின் பெயரும் சேர்ந்து வரும் பக்கத்தில். வழவழப்பான தாள் என்றால் மை காய்வதற்கு முன் மூடாதீர்கள்.

பெயர் போட்டு வாங்குவதா, வெறும் கையெழுத்து போதுமா? பின்னாளில் விற்கும் எண்ணம் இருந்தால் வெறும் கையெழுத்து நல்லது, சேகரிப்பவர்கள் பொதுவாக அதைத்தான் விரும்புவார்கள். வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் பெயரோடு வாங்குங்கள்.

நேரில் வர முடியாதவர்கள் முன்பே பணம் கட்டிச் சொல்லிவைத்தால், ஆசிரியர் வரும் நாளில் கடைக்காரரே கையெழுத்து வாங்கி வைப்பார். ஆனால் பெயர் எழுதிய பிரதியைப் பிறகு வேண்டாம் என்று சொல்லாதீர்கள். கையெழுத்திட்ட பிரதிகளைப் பதிப்பகங்கள் பொதுவாகத் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. அதிலும் இன்னொருவர் பெயர் எழுதிய பிரதியைக் கடையில் யார் வாங்குவார்கள்?

கேள்வி நேரத்தில் என்ன கேட்கலாம்?

கேள்வி கேட்கலாம். கேள்வி என்ற பெயரில் ஐந்து நிமிடம் சொந்தக் கருத்தைச் சொல்வதைத் தவிர்க்கலாம். இதற்கு மேல் விதி எதுவும் இல்லை.

தள்ளுபடி எந்தச் சமயத்தில் வரும்?

கணக்கு முடிக்கும் காலத்துக்கு முன்பு, பெரிய விற்பனைக் காலம் முடிந்த பிறகு, கடையின் ஆண்டு நாள், இடம் மாறும்போது ஆகிய நான்கும்தான் வழக்கம். இருப்பு எடுப்பதற்கு முன்னால் நடக்கும் விற்பனையில் நல்ல சரக்கு கிடைக்கும். எண்ண வேண்டிய புத்தகம் குறைந்தால் கடைக்காரருக்கு வேலை மிச்சம், அதனால் கை தாராளமாக இருக்கும்.

பொது நாட்களும் உண்டு. ஏப்ரல் 23-ஐ உலகப் புத்தக நாளாக யுனெஸ்கோ 1995-ல் அறிவித்தது. அதற்கு வெகு காலம் முன்பிருந்தே ஸ்பெயினில் அது புத்தக நாள். அங்கே வழக்கமாக 5 சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி கூடாது என்று சட்டம் இருந்தாலும் அந்த நாளில் 10 சதவீதம் வரை தரலாம். அமெரிக்காவில் ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை சின்னப் புத்தகக் கடைகளுக்கான நாள். 2014-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கி, அடுத்த வருடமே நாடு முழுக்கப் பரவியது. அன்று கவர்ச்சி விலைக் குறைப்பில் இல்லை. அந்தக் கடைகளில் மட்டுமே கிடைக்கும் சிறப்புப் பதிப்புகளும் அச்சுப் படங்களும்தான் மக்களை இழுக்கின்றன. எனக்கு இந்த இரண்டாவது வழி புத்திசாலித்தனமாகப் படுகிறது.

இணையத்தில் தரும் தள்ளுபடியை நீங்கள் ஏன் தருவதில்லை?

மிக அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், கொஞ்சம் கோபத்தோடும் கேட்கப்படும். கணக்காகவே பார்த்துவிடலாம்.

அச்சிட்ட விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிப்பகம் தன் கழிவு போக அதைக் கடைக்கு 60-க்குத் தருகிறது என்று வைப்போம். கழிவு நாட்டுக்கு நாடு, பதிப்பகத்துக்குப் பதிப்பகம் மாறும், ஆனால் கணக்கின் போக்கு மாறாது. மீதி 40 அப்படியே லாபம் அல்ல. வாடகை, சம்பளம், மின்சாரம், சரக்குக் கூலி எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும். இப்போது 20 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் கடையின் கையில் நிற்பது 20. வாங்குபவர் பார்வையில் விலை ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது, கடைக்காரர் பார்வையில் வரும்படி பாதியாகிவிட்டது. பழைய வரும்படியை எட்ட இரண்டு மடங்கு பிரதிகள் விற்க வேண்டும். தெருவில் வாசகர்கள் இரண்டு மடங்கு ஆகிவிடுவார்களா?

பெரிய இணையக் கடைக்கு இந்தக் கணக்கு வேறு. மொத்தமாக வாங்குவதால் கழிவு அதிகம் கிடைக்கும். மேலும், பரபரப்பாக விற்கும் சில புத்தகங்களை நஷ்டத்துக்குக் கூட விற்று, வந்தவரிடம் வேறு பொருள்களை விற்றுச் சரிக்கட்ட முடியும். புத்தகம் மட்டுமே விற்கும் கடையால் அது முடியாது.

இதைப் புரிந்துகொண்டுதான் சில நாடுகள் சட்டமே போட்டன. ஃபிரான்சில் 1981-ல் வந்த சட்டப்படி, பதிப்பகம் குறித்த விலையிலிருந்து கடைக்காரர் 5 சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது. ஜெர்மனியிலும் புதிய புத்தகத்துக்கு எல்லாக் கடையிலும் ஒரே விலைதான், 18 மாதம் கழித்துப் பதிப்பகம் விரும்பினால் அந்தக் கட்டை நீக்கலாம். பிரிட்டனில் 1900-லிருந்து இதே போன்ற ஓர் ஒப்பந்தம் பதிப்பகங்களுக்கும் கடைகளுக்கும் இடையே இருந்தது. 1995-ல் பெரிய பதிப்பகங்கள் விலகியதும் அது சரிந்தது, 1997-ல் நீதிமன்றமும் அதைச் செல்லாது என்றது. அதற்குப் பிறகு அங்கே பல சின்னக் கடைகள் மூடப்பட்டன. அதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் இதற்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது.

சட்டம் இருக்கும் இடத்தில் சின்னக் கடை விலையில் போட்டியிட வேண்டியதில்லை. சட்டம் இல்லாத இடத்தில் போட்டியிட்டால் தோற்கும். அதனால் வெளியேற்ற வேண்டிய புத்தகங்களுக்குத்தான் தள்ளுபடி. மனிதர்களை வரவழைக்க நிகழ்ச்சி. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, வருபவர்களுக்கெல்லாம் எப்போதும் எல்லாவற்றிலும் தள்ளுபடி என்று அறிவிக்கும் கடையைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருக்கும்.

சரி, தள்ளுபடி மேசைக்கு எந்தப் புத்தகங்கள் வருகின்றன?

பலவிதம். அதிகமாக வரவழைத்து விற்காமல் நின்றவை ஒரு வகை. புதிய பதிப்பு வந்ததால் பழையதாகிப் போனவை, அட்டை கசங்கியவை, காட்சிக்கு வைத்து வெயிலில் முதுகு வெளுத்தவை எல்லாம் இதோடு சேரும். பதிப்பகமே தன் கிடங்கைக் காலி செய்ய மொத்தமாகத் தள்ளிவிட்டவை இன்னொரு வகை. இவற்றின் பக்க விளிம்பில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடோ புள்ளியோ போட்டிருக்கும். முழு விலைக்கு விற்கும் பிரதிபோல யாரும் பதிப்பகத்துக்கே திருப்பி அனுப்பிவிடக் கூடாது என்பதற்கான அடையாளம் அது. புத்தகத்துக்குள் குறை எதுவும் இருக்காது, தைரியமாக வாங்கலாம்.

விற்காததைத் திருப்பி அனுப்பலாம் என்ற ஏற்பாடு அமெரிக்காவில் 1930களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் பரவியது. பயந்துபோயிருந்த கடைகளைப் புதிய புத்தகம் வாங்க வைப்பதற்குப் பதிப்பகங்கள் கண்ட வழி. தற்காலிகமாக வந்தது, அப்படியே தங்கிவிட்டது. இந்த ஏற்பாடு இல்லாத இடங்களில் கடைக்காரருக்குத் தள்ளுபடி மேசையைத் தவிர வேறு போக்கிடம் கிடையாது.

மேசையில் எடுக்கும்போது மூன்றைப் பாருங்கள். முதலில் பதிப்பாண்டு: நாவலுக்கு அது பொருட்டில்லை, ஆனால் சட்டம், வரி, கணினி, பயண வழிகாட்டி, தேர்வு நூல்கள் பழையதென்றால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். அடுத்து, பக்க எண்கள் தொடர்ச்சியாக இருக்கின்றனவா என்று நடுவில் புரட்டிப் பாருங்கள். புத்தகம் கட்டும்போது மடித்த தாள்களின் தொகுப்பு ஒன்று தவறினால் பொதுவாக 16 அல்லது 32 பக்கம் ஒட்டுமொத்தமாகக் காணாமல் போகும். கடைசியாக, முகர்ந்து பாருங்கள். ஈர வாடை அடிக்கும் புத்தகத்தை வீட்டு அலமாரியில் வைத்தால் பூஞ்சை மற்றவற்றுக்கும் பரவும். அட்டை மடிப்பு, கீறல் எல்லாம் படிப்பதைக் கெடுக்காது.

‘இரண்டு வாங்கினால் மூன்றாவது இலவசம்’ என்றால்?

மூன்றில் விலை குறைந்தது இலவசம் என்றுதான் பொருள். ஏறக்குறைய ஒரே விலையுள்ள மூன்றை எடுத்தால் உங்களுக்கு லாபம்.

தாளில் சுற்றிப் பெயரை மறைத்து, ‘கடலோர ஊர், ஒரு பழைய கடிதம், சிரிப்பு நிறைய’ என்று நான்கு சொல் மட்டும் எழுதி விற்கும் பழக்கமும் உண்டு. தேர்ந்தெடுப்பவர் நல்ல வாசகராக இருந்தால் இது அருமையான விளையாட்டு, இல்லையென்றால் தேங்கிய சரக்கைத் தள்ளும் தந்திரம். எந்த வகை என்பது முதல் பொட்டலத்திலேயே தெரிந்துவிடும்.

தள்ளுபடியில் வாங்கியதைத் திருப்பித் தரலாமா?

மனம் மாறியதற்காக என்றால் பொதுவாக முடியாது. பக்கம் விட்டுப்போனது, தலைகீழாகக் கட்டியது போன்ற அச்சுக் குறை இருந்து, அதைக் கடைக்காரர் முன்பே சொல்லவில்லை என்றால் பில்லோடு போய்க் கேளுங்கள். நல்ல கடை மறுக்காது.

புதிய புத்தகத்துக்கு முன்பதிவு செய்வதால் யாருக்கு என்ன பயன்?

கடைக்கு நிச்சயமான விற்பனை. பதிப்பகத்துக்கு எத்தனை பிரதி அச்சிடலாம் என்ற மதிப்பீடு. ஆசிரியருக்கு முதல் வாரக் கணக்கில் ஓர் எண்ணிக்கை. உங்களுக்கு வெளியீட்டு நாளிலேயே பிரதி, சில சமயம் கையெழுத்தோடு. பெட்டி இரண்டு நாள் முன்பே வந்துவிட்டாலும் வெளியீட்டுத் தேதிக்கு முன் தரச்சொல்லிக் கெஞ்சாதீர்கள். முன்கூட்டி விற்ற கடைக்கு அடுத்த முறை சரக்கு தாமதமாக வரலாம்.

அலமாரியில் இல்லாத பழைய புத்தகத்தையும் இப்படி வரவழைக்கலாம். ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாக இருக்கும் ஐஎஸ்பிஎன் எண்ணைக் கொடுத்தால் தவறான பதிப்பு வராது. 2007-லிருந்து இது 13 இலக்கம், அதற்கு முந்தைய புத்தகங்களில் 10 இலக்கம் இருக்கும். இரண்டுமே செல்லும்.

பரிசு அட்டை வாங்குவது நல்லதா?

கடைக்கு நல்லது, பணம் முதலில் வருகிறது. உங்களுக்கு நல்லதா என்பது அதைப் பயன்படுத்துவதைப் பொறுத்தது. காலக்கெடுவையும், தள்ளுபடிப் புத்தகங்களுக்குச் செல்லுமா என்பதையும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வாசிப்புக் குழுவுக்குப் புத்தகத்தை முடிக்காமல் போகலாமா?

போகலாம். எல்லோரும் முடித்திருக்கிறார்கள் என்று நினைத்துத் தயங்குபவர்களே அதிகம். உள்ளே போனால் பாதியில் நிற்பவர்கள் நிறையப் பேர். முடிவைச் சொல்லக் கூடாது என்று மட்டும் மற்றவர்களைக் கட்டுப்படுத்தாதீர்கள்.

குழந்தைகளைக் கதை நேரத்தில் விட்டுவிட்டு வெளியே போய் வரலாமா?

கூடாது. அறிவிப்பில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் தவிர, பெற்றோரோ பெரியவர் ஒருவரோ கூடவே இருக்க வேண்டும்.

ஆசிரியர் வராமல் போனால்?

டிக்கெட் நிகழ்ச்சி என்றால் பணத்தைத் திருப்பித் தருவார்கள், அல்லது வேறு தேதி சொல்வார்கள். இலவச நிகழ்ச்சி என்றால், கிளம்பும் முன் கடையை ஒரு முறை தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

என் சொந்தப் புத்தகத்துக்கு அங்கே வெளியீடு வைக்க முடியுமா?

முடியும், ஆனால் ஒரு மாத அவகாசத்தில் முடியாது. பல கடைகள் மூன்று நான்கு மாதத்துக்கு முன்பே நாட்களை நிரப்பிவிடும். கடை நிரம்பி வழியும் விடுமுறை நாள் மாலையில் பிரதியோடு போய் நிற்காதீர்கள். ஒரே பக்கத்தில் புத்தகம் எதைப் பற்றியது, விலை என்ன, யார் வாங்குவார்கள், அந்த வட்டாரத்தில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் வருவார்கள் என்று எழுதி அனுப்புங்கள். கடைசிக் கேள்விதான் கடைக்காரருக்கு முக்கியம். பெயர் தெரியாத ஆசிரியரின் கூட்டத்துக்கு வருபவர்களில் பெரும்பாலானோர் அவருடைய உறவினர்களும் நண்பர்களும்தான். அவர்களை அழைத்து வரும் பொறுப்பு உங்களுடையது.

நீங்களே அச்சிட்ட புத்தகம் என்றால், ‘விற்ற பிறகு பணம்’ என்ற முறையில்தான் வைத்துக்கொள்வார்கள். கடையின் பங்கு எவ்வளவு, எத்தனை பிரதி, எத்தனை மாதம், பணம் எப்போது என்பதை எழுத்தில் வாங்குங்கள். அச்சிட்ட விலையில் மூன்றில் ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோ கேட்டால் அதிர்ச்சி அடைய வேண்டாம், மற்றப் பதிப்பகங்களும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் விட்டுக்கொடுக்கின்றன. விலை குறிக்கும்போதே அந்தப் பங்கைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். அதே புத்தகத்தை உங்கள் இணையப் பக்கத்தில் பாதி விலைக்கு விற்றுக்கொண்டு கடையில் முழு விலைக்கு வைக்கச் சொல்லாதீர்கள். குறித்த தேதி வந்ததும் மிச்சப் பிரதிகளை நீங்களே போய் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு பெரும்பாலான கடைகள் பொறுப்பேற்பதில்லை.